பன்னிரண்டாவது நாற்காலி

எங்கள் கோயிலில் அந்தக் காலத்தில் பூசை லத்தீனில்தான். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து நின்று, தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வதுபோல் சொல்வார். அதில் எங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. புரியவில்லை என்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஊரா எங்கள் ஊர்? அவர் அங்கே லத்தீனில் சொல்லச் சொல்ல, நாங்கள் இங்கே தமிழில் செபம் சொல்வோம். ஒருவர் முதலில் சொல்ல, கூட்டம் மொத்தமும் சேர்ந்து பதில் சொல்லும். பூசை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒருவர் குரலைக் கேட்டுத்தான் ஊருக்குத் தெரியும். அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். அவரை யாரும் நியமிக்கவில்லை, அதற்காக யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை. குரல் இருந்தது, செபமெல்லாம் மனப்பாடமாக இருந்தது, சொன்னார்.

குரல் என்றால் லேசுப்பட்ட குரல் இல்லை. கட்டுமரத்தில் போன நாளில், அலைச் சத்தத்துக்கு மேலே அடுத்த மரத்துக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கோயில் கூரை ஓட்டில் பட்டுத் திரும்பி வரும். கைக்குழந்தைகள்கூட அந்தச் சத்தத்துக்குப் பழகித் தூங்கும்.

ஆனால் அவர் நின்றது கோயிலின் கடைசியில். பாடகர் மாடிக்குக் கீழே, தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தூண் உண்டு, அதன் மறைவில். முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய் அங்கே நின்றுவிடுவார். பூசை முடிந்து கடைசி ஆளும் வெளியே போன பிறகுதான் அசைவார். குரலை ஊர் கேட்கலாம், நடையை ஊர் பார்க்கக் கூடாது. அவருக்கு வலது காலில் யானைக்கால்.

எங்கள் கரையில் அப்போது அது அதிசயமான நோய் ஒன்றும் இல்லை. தெருவுக்கு ஓர் ஆளாவது இருப்பார். 'மந்துக்காலன்' என்பார்கள், முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். கல்யாணத்தின்போது என் வீட்டுக்காரருக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. மூத்தவன் பிறந்த பிறகு குளிர்காய்ச்சல் வர ஆரம்பித்தது. காய்ச்சல் வந்தால் கால் சிவந்து வீங்கும். காய்ச்சல் போய்விடும், வீக்கத்தில் கொஞ்சம் போகாமல் தங்கிவிடும். அப்படித் தங்கித் தங்கிக் கணுக்கால் என்று ஒன்று இருந்த இடமே தெரியாமல் போயிற்று. கடலுக்குப் போவது நின்றது. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஊரார் வலைகளின் கிழிசலைக் கட்டிக் கொடுத்தார். நான் மீன் கூடையைத் தலையில் தூக்கி, நாஞ்சில் நாட்டு வயல் ஊர்களுக்கு நடந்தேன். அழுதுகொண்டு நடந்தேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஊர் சுற்றுவதும் விலை பேசுவதும் பிடிக்கும். வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு மீன் வியாபாரத்தைவிட நல்ல வேலை வேறு எது?

சாயங்காலம் வந்ததும் அந்தக் காலைக் கழுவுவது என் பொறுப்பு. விரலிடுக்கில் ஈரம் நின்றால் புண்ணாகும், புண்ணானால் மறுபடி காய்ச்சல். பெரிய அலுமினிய வட்டகை ஒன்று வைத்திருந்தோம். அதில் உப்புப் போட்ட வெந்நீரை ஊற்றி, காலை உள்ளே இறக்கி, மடிப்பு மடிப்பாகக் கழுவி, பழந்துணியால் ஒற்றி எடுப்பேன். ஒருநாளும் சும்மா கழுவியது கிடையாது. விலை குறைத்துக் கேட்டவளிலிருந்து பஸ்ஸில் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தவன் வரை, அன்றைய வசவெல்லாம் அந்தக் கால்மேல்தான் கொட்டும். அவர் சிரித்துக்கொண்டு இருப்பார்.

கோயிலில் எனக்கும் ஒரு வேலை உண்டு. பீடத்து விரிப்புகளையும் சாமியாரின் வெள்ளை உடுப்புகளையும் துவைத்து, கஞ்சி போட்டு, நீலம் முக்கி, தேய்த்துக் கொடுக்கிற பெண்களில் நான் ஒருத்தி. நற்கருணை வைக்கிற சின்னத் துணியை மட்டும் முதல் தண்ணீரில் சாமியாரே அலசித் தந்த பிறகுதான் நாங்கள் தொடலாம். மற்றதெல்லாம் எங்கள் கைதான். பூசை நேரத்தில் கிராதியைத் தாண்டி உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. கிராதி என்பது பீடத்துக்கும் சனங்களுக்கும் நடுவில் இருக்கிற மரத் தடுப்பு. பூசை இல்லாத நேரத்தில் உள்ளே போய்க் கூட்டிப் பெருக்கித் துடைக்கலாம். இந்த நியாயம் எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நான் தேய்த்த விரிப்பு பீடத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடப்பதைப் பார்க்கையில் எனக்குப் பெருமை பிடிபடாது.

இனிப் பெரிய வியாழனுக்கு வருகிறேன். சேசுநாதர் தன் சீஷர்களின் பாதங்களைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து அன்றைக்குச் சாமியார் ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தி செய்வார். முத்தி செய்வது என்றால் முத்தமிடுவது. கோயிலில் அப்படித்தான் சொல்வோம். கிராதிக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். மாதா சுரூபத்தின் பக்கம் முதல் நாற்காலி. அதில் உட்காருகிறவர் இராயப்பர். பேதுருவுக்கு அன்று எங்கள் வாயில் இராயப்பர் என்றுதான் பேர். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் சூசையப்பர் சுரூபத்தின் பக்கம் கடைசி நாற்காலி. கடைசியாகக் கால் கழுவப்படுகிறவர் யூதாஸ். இது எந்த வேதபுத்தகத்திலும் இல்லை, எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. ஊராகப் போட்ட சட்டம்.

இராயப்பர் நாற்காலி கரைமடி என்கிற பெரிய இழுவலை வைத்திருந்த முதலாளிக்கு. அவர் அப்பாவும் அதில்தான் உட்கார்ந்தாராம். நடுவில் உள்ளவை முறை வைத்துத் தெருத்தெருவாகப் போகும். கடைசி நாற்காலிக்குத்தான் ஆள் கிடைக்காது. ஒரு வருஷம் அதில் உட்கார்ந்தவரின் கட்டுமரம் மறுவாரமே பாறையில் மோதிப் பிளந்தது. நாற்காலிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் அன்று மூக்குமுட்டக் குடித்திருந்ததை ஒருவரும் பேசவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் யாரையாவது கெஞ்சிக் கூத்தாடித்தான் யூதாஸ் ஆக்க வேண்டியிருந்தது.

நான் சொல்கிற வருஷம், எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்ப் பக்கம் சேர்ந்த வருஷம். சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு. கோயிலிலும் அந்த வருஷம் மாற்றம்தான். அதுவரை பெரிய வியாழன் பூசை காலையில் நடக்கும். இனிமேல் சாயங்காலம்தான் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. சாமியாரும் புதுசு. கிறிஸ்துமஸ் முடிந்துதான் எங்கள் பங்குக்கு மாறி வந்திருந்தார். வாலிப வயசு, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரர் குரலை மட்டும் ஞாயிறுதோறும் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறார்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் கோயில்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, நாற்காலி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுஷர், ஆனால் எதையும் நேரே சொல்லத் தெரியாதவர். வந்தவர் வலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஒரு காரியம் கேக்க வந்தேன். கோவப்படப்பிடாது" என்றார்.

"கோவப்படுத காரியம்னு தெரிஞ்சிட்டேதான் வந்தீரா அண்ணே?" என்றேன்.

"பன்னெண்டாவது ஆளு வெலகிட்டாரு. மவளுக்குச் சம்மந்தம் பேசிட்டு இருக்காராம். இப்பப் போயி யூதாசா இருந்தா மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்கன்னு கேக்காரு. வேற ஒருத்தனும் வர மாட்டேங்கான். அதான், ஒங்க வீட்டுல..."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "ஓகோ! ராயப்பர் நாற்காலிக்கு மொதலாளி, யூதாஸ் நாற்காலிக்கு மந்துக்காலனா? இத்தன வருசமா இந்த மனுசன் தொண்டை கிழியச் செபம் சொல்லுதாரு. ஒருநாளு ஒருத்தனுக்காவது ஒரு நாற்காலி போடத் தோணிச்சா? இப்ப ஆளு கிடைக்கல்லன்ன ஒடனே எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சிற்றோ?"

கோயில்பிள்ளை எழுந்தேவிட்டார். அப்போது என் வீட்டுக்காரர் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏளா, செத்த சும்மா இரி" என்றார். பிறகு அவரிடம், "நான் வாறேன்னு சாமிக்கிட்ட சொல்லும்" என்றார்.

கோயில்பிள்ளை வேலிப் படலையைத் தாண்டும் வரைதான் பொறுத்தேன். அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்கு ரோசமே கிடையாதா? ஊருல எவனும் உக்கார மாட்டேன்னு சொன்ன நாற்காலி ஒங்களுக்குத்தானா வேணும்?"

"யூதாசுக்க காலையும் சேசு கழுவத்தானே செய்தாரு" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். "வருசா வருசம் தூணுக்குப் பின்னால நின்னு பாக்கேன். எல்லாருக்கும் கழுவுதாங்க. எனக்கும் ஆசை உண்டும்ளா."

ஆசை என்ற வார்த்தையை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. இதைத் தின்ன ஆசை, அங்கே போக ஆசை என்று எதையுமே சொன்ன மனுஷர் இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பம் எதுக்கு மொகம் இப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கு. வலது காலத்தான் நீட்டணும். இவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடி நீட்டுவேன்? சாமி பாத்திட்டு ஒருமாதிரி மொகத்த வச்சாருன்னா?"

எனக்கும் அதே பயம்தான். அந்த நோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் அப்போது நிறைய. கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாமியார் மேல்நாட்டில் படித்தவரோ என்னவோ, அவருக்கும் ஒரு மூக்கும் ஒரு கண்ணும் உண்டுதானே. இவர் காலை நீட்டுவாரா, நீட்டினால் சாமியார் அருவருக்காமல் தொடுவாரா, தொட்டு முத்தி செய்வாரா? கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்த வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. சாமியார் முகத்தைச் சுளித்துவிட்டால் இந்த மனுஷர் அதோடு கோயிலுக்கே போக மாட்டார், அந்தக் குரலும் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை துவைத்த துண்டுகளைக் கொடுக்கப் போனபோது கோயில் தாம்பாளத்தைப் பார்த்தேன். பாதம் கழுவப் பயன்படுத்துகிற பித்தளைத் தாம்பாளம். என் வீட்டுக்காரர் காலை நினைத்துக்கொண்டேன். அவர் கால் அதில் அடங்காது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்றால் தண்ணீரெல்லாம் தரையில் ஓடும், ஊர் கழுத்தை நீட்டிப் பார்க்கும். நான் கோயில்பிள்ளையிடம் சொன்னேன். "அண்ணே, எங்க வீட்டு வட்டகைய நான் கொண்டாறேன். எல்லாருக்கும் தாம்பாளத்திலயே கழுவட்டு. இவருக்க மொறை வரும்பம் மட்டும் வட்டகைய எடுத்து வையும். ஒண்ணும் பேசாம மாத்தி வச்சாப் போதும்." அவர் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை வாங்கிய வசவுக்குப் பரிகாரம் செய்கிற முகம் அவருக்கு.

வியாழக்கிழமை மத்தியானமே குளித்து, வட்டகையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அதன் விளிம்பில் ஒரு நெளிவு உண்டு, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த பன்னிரண்டு துண்டுகளையும் அதற்குள் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக் கொண்டுபோனேன். கோயிலுக்குள் தோவாளைப் பிச்சிப்பூ மணம் நிறைந்திருந்தது. கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வட்டகையைத் துண்டுகளோடு அதன்மேல் வைத்தேன். கோயில்பிள்ளை தாம்பாளத்தையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு முதல் நாற்காலிப் பக்கம் நிற்பார். ஒவ்வொரு காலாக வந்து, கடைசியில் வட்டகை. இதுதான் திட்டம். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

சாயங்காலப் பூசை என்பதால் அன்று ஊரில் ஒருவர் பாக்கி இல்லை. கடலுக்குப் போனவர்களும் கரை வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்பே வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளை வேட்டியை இறக்கி இழுத்துக் காலை மூடியிருந்தார். அன்று அவர் அங்கிருந்தே செபம் சொன்னார். வருஷக்கணக்காகப் பின்னாலிருந்து வந்த குரல் முன்னாலிருந்து வந்ததும், பழக்க தோஷத்தில் பாதிப் பேர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய வியாழனும் அதுவுமாகச் சிரித்ததற்குப் பக்கத்திலிருந்தவள் என்னை இடித்தாள்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கிராதியைத் தாண்டி வந்தார். பாடகர்கள் பாட ஆரம்பித்தார்கள். சாமியார் ஒரு நிமிஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அடுக்கிய துண்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நேரே சூசையப்பர் பக்கம் திரும்பிவிட்டார். துண்டெல்லாம் என் வட்டகையில் அல்லவா இருந்தது!

கோயில்பிள்ளை அந்தக் கோடியில் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். முதலாளி ஏற்கனவே வலது காலை முன்னால் நீட்டித் தயாராக வைத்திருந்தார். கோயில்பிள்ளை செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாக இந்தப் பக்கம் வந்தார். சாமியார் துண்டுகளை எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, என் நெளிந்த வட்டகையைத் தன் கையாலேயே கீழே இறக்கி வைத்து, என் வீட்டுக்காரர் முன்னால் முழங்காலில் இருந்தார்.

கோயில் முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. பின்னே ஓடாதா? முதலில் கழுவப்படுகிறவர் இராயப்பர். அப்படியானால் என் வீட்டுக்காரர் இராயப்பர். அந்தக் கோடியில் இருக்கிற முதலாளி யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எனக்கு அந்தக் கணக்கெல்லாம் அப்போது தோன்றவில்லை. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் என்று அவர் மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தார். பதினொரு பேருக்குக் கழுவி முடிப்பதற்குள் தைரியம் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். எடுத்த எடுப்பில் சாமியார் தன் முன்னால் முழங்காலில் இருப்பார் என்று மனுஷர் எதிர்பார்க்கவே இல்லை. வேட்டிக்குள்ளிருந்து கால் பாதி வந்தது. வந்தது படக்கென்று உள்ளே போய்விட்டது. நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஒரு செபமும் என் வாயில் வரவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் ஒருத்தி, "எங்கம்மோ, அப்பிடியே ராயப்பர் மாதிரியே நடிக்காரு பாரு" என்றாள்.

ஆமாம், சேசுநாதர் கழுவ வந்தபோது இராயப்பரும் முதலில் காலைக் கொடுக்க மாட்டேன் என்றுதானே சொன்னார். என் வீட்டுக்காரர் வெட்கத்தில் காலை இழுக்க, ஊர் அதைப் பார்த்து உருகுகிறது! யாரோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாமியார் எழுந்திருக்கவில்லை, காலைப் பிடித்து இழுக்கவும் இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். இவர் குனிந்து ஏதோ பதில் சொன்னார். அதுவும் இராயப்பரின் வசனம்தான் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

பிறகு கால் வெளியே வந்தது. ஊர் முழுவதும் அன்றுதான் அந்தக் காலைப் பார்த்தது. சாமியார் இரண்டு கையாலும் அடியில் தாங்கி வட்டகையில் இறக்கினார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவசரப்படவே இல்லை. நான் தேய்த்த துண்டால் துடைத்தார். பிறகு குனிந்து, பேருக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போகாமல், உதடு பட முத்தி செய்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். என்னை இடித்தவளும் அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் ஞாபகம். வரிசையாகக் கழுவிக்கொண்டே போய், கடைசியாக முதலாளி. அவர் முகம் சுட்ட கத்திரிக்காயாய்ச் சுருங்கியிருந்தது. ஆனால் சாமியார் முன்னால் என்ன செய்ய முடியும், காலை நீட்டினார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்க வட்டகையினாலதான் இவ்வளவும்" என்றாள். "எனக்க வட்டகையா சாமிய இந்தப் பக்கம் கூப்பிட்டுது மைனி? சாமிக்கிட்டப் போயி கேளுங்க" என்றேன். அடுத்த வருஷம் எந்த முனையிலிருந்து தொடங்குவார்கள் என்று தெரியாததால், இரண்டு முனை நாற்காலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. கோயில்பிள்ளை நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத்தான் தப்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "சாமி ஒங்ககிட்ட என்ன கேட்டாரு?" என்பதுதான்.

தண்ணீர் குடித்தார், சுவரில் சாய்ந்துகொண்டார். "எங்க பிடிச்சா நோவாதுன்னு கேட்டாரு" என்றார்.

"நீங்க என்ன சொன்னிய?"

"அடியில தாங்கிப் பிடிச்சா நோவாது சாமின்னேன்." அப்புறம், "நோவுமான்னு ஒன்னத் தவிர ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்லளா" என்றார்.

நான்கூட எங்கே கேட்டேன், திட்டிக்கொண்டுதானே கழுவுவேன் என்றேன். அவர் சிரித்தார்.

மறுநாள் பெரிய வெள்ளி. எங்கள் ஊரில் அன்று காலையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சிலுவைப்பாதை போவோம். வழியில் பதினான்கு ஸ்தலங்கள். ஒவ்வொன்றிலும் நின்று செபம் சொல்லி நகர வேண்டும். என் வீட்டுக்காரர் கால் வீங்கிய நாளிலிருந்து அதற்கு வந்ததே இல்லை. கோயில்பிள்ளைதான் முன்னால் போய் வாசிப்பார். முன்வரிசைக்கு மட்டும் கேட்கும், மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள்.

அன்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு புறப்படும்போது பார்த்தால், இவர் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அதுவும் இழுத்து மூடாமல், நடக்க வசதியாகக் கொஞ்சம் ஏற்றியே கட்டியிருந்தார்.

"இஞ்சேருங்க, எங்க போறிய?"

"சிலுவப்பாதைக்கு."

"இந்தக் காலை வச்சிட்டு மணல்ல எப்பிடி நடப்பிய? காய்ச்ச வந்தா ஆரு பாக்க?"

"பைய நடப்பேன். நீ பாப்பே" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

கோயில்பிள்ளை அவரைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இவர் சனங்களுக்கெல்லாம் முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் சிலுவை. முதல் ஸ்தலத்திலிருந்து சிலுவையைத் தூக்குவது முதலாளியின் உரிமை, அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பின்னால் சாமியார், பின்னால் ஊர். குரல் எழுந்தது. தெருக்கோடி வரை கேட்டது. ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிற பெண்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு பதில் செபம் சொன்னார்கள்.

சொல்லி முடித்து அவர் நடந்தார். நல்ல காலை ஊன்றி, மற்றக் காலை மணலில் இழுத்து, நின்று, மறுபடி ஊன்றி. எங்கள் சிலுவைப்பாதை எப்போதும் ஓட்டமும் நடையுமாகத்தான் போகும், மணல் சுடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று. அன்று இரண்டாவது ஸ்தலத்துக்குப் போவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் மணல் கொதித்தது. சனங்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். பின்னாலிருந்து ஓர் இளந்தாரி, "கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க, காலு பொள்ளுது" என்று கத்தினான்.

நான் முந்தானையை உதறிக்கொண்டு திரும்பினேன். அவனுக்கும் அவன் அப்பனுக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கு என் வாயில் எல்லாம் தயாராக இருந்தது. அதற்குள் முன்னாலிருந்து ஒரு சத்தம். சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டே முதலாளி திரும்பியிருந்தார்.

"ஏலே, சத்தம் போடாத. அவரு காலப் பாத்து நடங்கலே எல்லாரும்."

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டாரோ இல்லையோ, திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல காலை ஊன்றினார், மற்றக் காலை இழுத்தார், நின்றார். முதலாளி நின்றார், சாமியார் நின்றார், நாங்கள் நின்றோம். அவர் நடந்தபோது நடந்தோம். மணல் சுட்டது. அன்றைக்கு ஊர் மொத்தமும் அவர் நடைக்கு நடந்தது.